பிளேஸ் கட்டுகிறவன்

நவம்பர் 12, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸ். பிலோமி தினமும் என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வாந்தி, காய்ச்சல் உண்டா, வலி எப்போது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் ஊர்வாரியாகத் தபால் பிரித்தவனை எழுதச் சொன்னால் விடுவேனா? அவள் விவரம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச அரைப் பக்கம் எனக்கு.

காலை இட்லி ஒன்றரை. வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது. போன மாதம் காமாலை என்று போனோம். பித்தம் இறங்குவதற்குக் குழாய் வைத்தார்கள். அப்போதுதான் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. புதன்கிழமை பெரிய டாக்டரம்மா முடிவு சொல்வார்.

மதியம் ரேஸுக்குப் போனோம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வீட்ல உக்காந்தா மட்டும் கட்டி கரைஞ்சிடுமா?" என்றாள் பிலோமி. பரங்கிமலையிலிருந்து கிண்டிக்கு ஆட்டோ. கல்யாணமான முதல் சீசனிலிருந்து இது எங்கள் வழக்கம். சினிமாவுக்கு ஒன்றாகப் போனதைவிட ரேஸுக்குப் போனதுதான் அதிகம். அவள் அப்பா அங்கே லாயத்தில் குதிரை பார்த்தவர். குதிரை வாசம் இல்லாவிட்டால் இவளுக்குத் தலை வலிக்கும்.

தபால் பிரிக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் தபால் அலமாரியில் எந்தக் குழியில் போடுவது என்றுதான் தோன்றும். ரேஸுக்கு வருகிறவர்களையும் நான் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன். நசீர் பாய் காதுக்காரர். லாயத்தில் யாரோ யாரிடமோ சொன்னதுதான் அவருக்கு வேதம். கண்ணெதிரே குதிரை நொண்டினாலும், சொன்னவன் சொன்னான் என்று அதன் மேல்தான் கட்டுவார். வீட்டில் மருந்துகூட பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத்தான் சாப்பிடுவார். சடகோபன் சார் ரிடையரான கணக்கு வாத்தியார். குதிரையின் எடை, ஓடிய நேரம், ஜாக்கியின் ஜாதகம் வரை நோட்டில் இருக்கும். அவர் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் கவுண்டர் மூடிவிடும். கல்யாணமும் அப்படித்தான் அவருக்குக் கை நழுவியது என்பார்கள். மூன்றாவது ரகம் கோபக்காரர்கள். தோற்றால் அடுத்த ரேஸில் இரண்டு மடங்கு கட்டுவார்கள். இவர்கள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் நெளிந்திருக்கும் என்று பிலோமி சொல்வாள்.

நான் பிளேஸ் கட்டுகிறவன். எல்லாரும் நம்புகிற குதிரையாகப் பார்த்து, ஜெயிக்க வேண்டாம், முதல் மூன்றுக்குள் வந்தால் போதும் என்று கட்டுவேன். கிடைப்பது டீ செலவுக்குக் காணும். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வராத நாள் கிடையாது.

பிலோமி எனக்கு நேர் எதிர். ஒருவரும் சீண்டாத குதிரையாகத் தேடிப் பிடித்து வின்னில் கட்டுவாள். ஜெயித்தால் பணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. துணிச்சல்காரி. அவளை அந்தக் குழியில் போட்டு முப்பத்தாறு வருடமாகிறது. வழக்கம்போல மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பணத்தைக் கொடுத்து, "ஏழாம் நம்பர், வின்" என்றாள். நான்தான் எப்போதும் இருவருக்கும் வரிசையில் நிற்பது. பெண்கள் போய் இடிபட வேண்டியதில்லை என்று ஆரம்பத்தில் செய்த ஏற்பாடு.

ஏழாம் நம்பர் கடைசிக்கு முந்தி வந்தது. அவள் அதற்கும் கை தட்டினாள்.

நவம்பர் 15, புதன்

அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டி இப்போதைக்கு எடுக்கிற நிலையில இருக்கு. ஆனா பெரிய ஆபரேஷன். அவங்க ஹார்ட் வீக். பத்துக்கு மூணு பங்கு டேபிள்லயே ஆபத்து. தாண்டி வந்துட்டாங்கன்னா பல வருஷம் நல்லா இருக்க வாய்ப்பு உண்டு. வேண்டாம்னா மாத்திரை, ஊசி. எட்டு மாசம், ஒரு வருஷம் ஓட்டலாம். ஆனா நாள் கடத்தாதீங்க. கட்டி பக்கத்து ரத்தக் குழாயைப் பிடிச்சிட்டா அப்புறம் ஆபரேஷன் பண்ண முடியாது. ரெண்டு பேரும் பேசி திங்கட்கிழமை சொல்லுங்க."

கேன்டீனில் பிலோமிக்குப் பால் வாங்கிக் கொடுத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இதை நான் மறைக்கவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

"பண்ணிடலாங்க."

"யோசிச்சு சொல்லு."

"ஏழு பங்கு நல்லதுன்னு தானே சொல்றாங்க. நீங்க போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. அந்தப் படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது."

சாப்பாடு: ரசம் சாதம் நாலு வாய்.

நவம்பர் 20, திங்கள்

டாக்டரம்மாவைப் பார்த்தேன். பேசினேன். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வரும் வழியில் கொத்தமல்லிக் கட்டு, கால் கிலோ பாகற்காய்.

நவம்பர் 21, செவ்வாய்

கஞ்சி அரை டம்ளர். வாந்தி ஒரு தடவை.

நவம்பர் 25, சனி

பிலோமி பை தயார் செய்துவிட்டாள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, துண்டு, ஜெபமாலை, சோப்பு டப்பா. செங்கல்பட்டிலிருக்கும் தங்கை லூர்துவுக்குப் போன் போட்டு, தேதி தெரிந்ததும் சொல்கிறேன், பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்றாள்.

"தேதி எப்பங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

சர்க்கரை அதிகமாக இருக்கிறது, அது இறங்கினால்தான் கத்தி வைப்பார்களாம், அதுவரைக்கும் இந்த மாத்திரை என்றேன். சர்க்கரை அதிகம் என்பது உண்மைதான். ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

சாயங்காலம் காபியில் சர்க்கரை போடாதீங்க என்றாள்.

நவம்பர் 28, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். அரிசிச் சாதத்தை விட்டுவிட்டாள். மொட்டைமாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துச் சுற்று நடக்கிறாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துகொள்கிறாள். கூடப் போய் நின்றேன்.

"நீங்க ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீங்க? நான் தானே பாகற்காய் குடிக்கிறேன்" என்றாள்.

துணி ஊற வைத்திருந்தேன், அலசப் போய்விட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

மறுபடி கிண்டி. இரண்டு ரேஸ் மட்டும் பார்த்துவிட்டு வருவதாக ஒப்பந்தம். பிலோமி இளைத்துவிட்டதை நசீர் பாய் பார்த்தார். பார்க்காதது போல, "வாங்கம்மா, இன்னிக்கு மூணாம் நம்பர், லாயத்துலயே சொல்லிட்டாங்க" என்றார்.

குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு சாம்பல் குதிரையைக் காட்டி, "பதினொண்ணு" என்றாள். பலகையில் அதன் மேல் அநேகமாக யாருமே கட்டவில்லை.

"எதப் பார்த்து இது ஜெயிக்கும்னு சொல்ற?"

"ஜெயிக்கும்னு யார் சொன்னாங்க? அது பாவம், தனியா போகுது. ஒருத்தராவது அது பேர் சொல்ல வேணாமா?"

இவளைத் திருத்த முடியாது என்று நினைத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன்.

இங்கே ஒன்று எழுதியாக வேண்டும். அவள் கொடுக்கும் பணத்துக்கு நான் டிக்கெட் வாங்குவதில்லை. ஆரம்பத்தில் வின்னுக்குப் பதிலாகப் பிளேஸில் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குதிரைகள் அதிலும் வராது. பிறகு வாங்குவதையே நிறுத்திவிட்டேன். வரிசையில் நிற்பேன், என் டிக்கெட்டை வாங்குவேன், அவள் பணத்தைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்வேன். அது வீட்டுக்குத்தான் வந்தது. மண்ணெண்ணெய், பால் கார்டு, அவளுக்கே ஒரு வருடம் கம்பளி. நான் குடித்து அழிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் குதிரை ஜெயித்துத் தொலைத்தது. ஒன்றுக்குப் பன்னிரண்டு. நசீர் பாயிடம் அங்கேயே கைமாற்று வாங்கி, டிக்கெட் கவுண்டரில் கொடுத்த மாதிரி எண்ணிக் கொடுத்தேன். அதை அடைக்க ஒரு வருடமானது.

தோற்கப் போகிறது என்று தெரிந்த இடத்தில் பணத்தை விடாமல் பிடித்து வைப்பது குற்றமா? அவள் சந்தோஷத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை.

சாம்பல் குதிரை எட்டாவதாக வந்தது. வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 8, வெள்ளி

சர்க்கரை 118. பரிசோதனைச் சீட்டை எனக்கு முன்னால் அவளே வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் ஷீட்டைக் காட்டுகிற மாதிரி என்னிடம் நீட்டினாள்.

"இப்ப போய் தேதி வாங்கிட்டு வாங்க."

போனேன். பரங்கிமலை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் போகிற வண்டிகள் ஏழு, கடற்கரைக்கு ஆறு. பிறகு வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா லீவு என்றேன்.

"என்னிக்கு வருவாங்களாம்?"

"கேக்கல."

"நீங்க ஒண்ணு" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

எட்டு மாதமாவது என்று டாக்டர் சொன்னாரே. எட்டு மாதம் நிச்சயம். இன்னொரு பக்கம் பத்துக்கு மூன்று, அதுவும் அன்றைக்கே. யாராக இருந்தாலும் எதை எடுப்பார்கள்?

டிசம்பர் 13, புதன்

குளிர் ஜுரம். 103. ஆட்டோ கிடைக்காமல் எதிர்வீட்டுப் பையன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பித்தத்துக்கு வைத்த குழாயில் கிருமியாம். மறுபடி ஸ்கேன்.

டிசம்பர் 14, வியாழன்

டாக்டரம்மா வார்டுக்கே வந்தார். கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு ஸ்கேன் படத்தைப் பார்த்தார். ஜுரம் இறங்கியிருந்தது. பிலோமி எழுந்து உட்கார்ந்து, கேட்பதற்குத் தயாராகப் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"சர்க்கரை இறங்கிடுச்சு டாக்டர். இனிமே ஆபரேஷனுக்குத் தேதி சொல்லலாம்ல?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பிறகு ஃபைலைப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேண்டாம்னு நீங்க தானேம்மா முடிவு பண்ணீங்க? போன மாசமே உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டாரே. நேர்ல கூட்டிட்டு வாங்கன்னேன். அவளுக்குப் பயம், அந்தப் பேச்செடுத்தாலே அழறா, வர மாட்டேங்கறான்னார். கையெழுத்தும் போட்டிருக்கார். இப்ப கட்டி ரத்தக் குழாயைப் பிடிச்சிருச்சு. இனிமே தொட முடியாதும்மா."

நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஃபிளாஸ்க் இருந்தது. பிலோமி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டாக்டரம்மாவும் என்னைத்தான் பார்த்தார். அவர் முகம் மாறத் தொடங்கியது.

அப்போது பிலோமி சொன்னாள். "ஆமா டாக்டர். நான்தான் வேணாம்னேன். ஜுரத்துல மறந்துபோச்சு."

டிசம்பர் 15, வெள்ளி

பேசவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் தயார் செய்திருந்த பை கட்டிலுக்கடியில் இருந்தது. அதைப் பிரித்து ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். நான் செய்கிறேன் என்றேன். கையை நகர்த்திவிட்டாள்.

பாகற்காய்கள் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தன. குப்பையில் போட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

லூர்து வந்திருக்கிறாள். அக்காவுக்குக் கஞ்சி கொடுப்பது, உடம்பு துடைப்பது எல்லாம் அவள்தான். கிறிஸ்துமஸ் பூசைக்கு நான் மட்டும் போய் வந்தேன். பிலோமியைக் கேட்டவர்களிடம் பரவாயில்லை என்றேன். சாயங்காலம் பிலோமி ஒரு வாய் கேக் சாப்பிட்டாள். "சர்க்கரை சேர்த்துக்கலாம் இனிமே" என்று லூர்துவிடம் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது.

டிசம்பர் 28, வியாழன்

லூர்து மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பதினான்கு நாளுக்குப் பிறகு பிலோமி என்னிடம் முழு வாக்கியம் பேசினாள்.

"நீங்க எனக்கு டிக்கெட் வாங்கினதே இல்லன்னு எனக்குத் தெரியும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் டிக்கெட் வாங்கினவனா இருந்தா, என் குதிரை எங்க வருதுன்னு பார்ப்பான். நீங்க என் மூஞ்சியவே பார்த்துட்டிருப்பீங்க. ரெண்டாவது வருஷமே தெரியும். போனா போகுது, பணம், உங்க சம்பளம், உங்களுக்குப் பயம்னு விட்டுட்டேன். ஒரு தடவ ஜெயிச்சு கொண்டாந்து குடுத்தீங்களே, அப்பகூட பாவமா இருந்திச்சு. எங்க போய் வாங்கினீங்களோன்னு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"ஆனா இதுலயும் வாங்காம வந்துடுவீங்கன்னு நான் நினைக்கலங்க."

மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"யாருக்காகப் பயந்தீங்க?"

"உனக்காகத்தான் பிலோமி. உன் உசுரு டேபிள்லயே போயிடுமோன்னு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லூர்து வந்துவிட்டாள்.

ஜனவரி 6, சனி

கஞ்சி இரண்டு ஸ்பூன். வலி 4 மணி, 9 மணி. வயிறு வீங்கியிருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

நசீர் பாய் பார்க்க வந்தார். எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு தைலம் கொண்டுவந்தார். யாரோ சொன்னார்களாம். பிலோமி மறுக்காமல் கையில் தேய்த்துக்கொண்டாள். சடகோபன் சார் போனில் விசாரித்தார், எந்த மருந்து எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டார். எல்லாரும் அவரவர் குழியில் பத்திரமாக இருக்கிறார்கள்.

ஜனவரி 17, புதன்

கண்ணில் மறுபடி மஞ்சள். டாக்டரம்மா இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜனவரி 20, சனி

தண்ணீர் மட்டும். மதியம் கொஞ்சம் பேசினோம்.

ஜனவரி 22, திங்கள்

காலை 6.10.

பிப்ரவரி 4, ஞாயிறு

லூர்து இன்று ஊருக்குப் போனாள். பிலோமியின் புடவைகளில் இரண்டை எடுத்துக்கொண்டாள். மாமா, நீங்க சாப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிலோமி தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

இருபதாம் தேதி பேசியதை அன்றைக்கு எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். இந்த நோட்டை இனி ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கப் போவதில்லை.

மதியம் வெயில் கட்டில் வரை வந்திருந்தது. திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதட்டைப் பஞ்சில் நனைத்துவிட்டேன். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். உனக்காகப் பயப்படல. எனக்காகத்தான் பயந்தேன். ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயி, அப்பவே நீ இல்லன்னு வெளிய வந்து சொல்லிட்டா, நான் தனியா இந்த வீட்டுக்கு வந்து கதவத் திறக்கணுமே. எட்டு மாசமாவது நீ இருப்பேன்னாங்க. அந்த எட்டு மாசம் எனக்கு வேண்டியிருந்தது. உன்னக் கேக்காம எடுத்துக்கிட்டேன்."

அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"இத அன்னிக்குக் கேன்டீன்லயே சொல்லியிருக்கலாமேங்க. தனியா இருக்க பயமா இருக்கு, எட்டு மாசம் கூட இருன்னு கேட்டிருந்தா, நானே டாக்டர்கிட்ட போய் ஆபரேஷன் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அப்புறம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மறுநாள் முழுவதும் நினைவில்லை.

எட்டு மாதம் என்று சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எனக்குக் கிடைத்தது இரண்டு மாதம். அதில் பதினான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மிச்ச நாளெல்லாம் அவள் பாகற்காய் குடித்ததையும் மாடியில் நடந்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நாட்களை அவளே மனசாரக் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை.